படுவான்கரையில் வீடு வீடாகக் கருத்துக் கேட்டுத் தந்த ஒரு சேவை: பொருளாளரின் மதிப்பீடு

2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள பிரதேச சபையொன்றுக்குப் போட்டியிட்ட சுயேச்சைக் குழுவின் பொருளாளராக நான் இருந்தேன். வீடு வீடாகச் சென்று மக்களின் கருத்தைத் திரட்டித் தருவதைத் தொழிலாகச் செய்யும் நகரத்து நிறுவனமொன்றின் சேவையை இரண்டு வட்டாரங்களுக்காக, அதாவது சபையின் இரண்டு தேர்தல் பிரிவுகளுக்காக, நாங்கள் பெற்றோம். பணம் என் கையொப்பத்தோடு போனது. அவர்களுடைய ஆட்களோடு பதினொரு நாட்கள் நானும் நடந்தேன். இனி இத்தகைய சேவையைப் பெற நினைக்கும் குழுக்களுக்கும் கிராம அமைப்புகளுக்கும் பயன்படும் என்று கருதியே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஏனெனில் நான் கண்ட குறைகளில் பாதி எங்களுடைய அவசரத்தினால் விளைந்தவை.

முதலில் நாங்கள் எதை வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, வீதி வீதியாகப் பிரித்த நடைப்பாதை வரைபடம், கேள்விப் படிவம், அதை நிரப்பி வரும் ஆறு கருத்துச் சேகரிப்பாளர்கள், இறுதியில் ஓர் அறிக்கை ஆகியவை ஒப்பந்தத்தில் இருந்தன. கட்டணம் வீட்டுக் கணக்கில் பேசப்பட்டது. பயிற்சிக்கும் அறிக்கைக்கும் தனித் தொகை. எழுத்தில் அவர்கள் வைத்த ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தங்களுடைய சேகரிப்பாளர்கள் எவருக்காகவும் வாக்குக் கேட்க மாட்டார்கள், சின்னம் பொறித்த எதையும் அணிய மாட்டார்கள், துண்டுப்பிரசுரத்தைக் கையால் தொடவும் மாட்டார்கள். வாக்குக் கேட்பது வேட்பாளரும் அவருடைய தொண்டர்களும் செய்ய வேண்டிய வேலை என்று அதில் இருந்தது. இந்த நிபந்தனையை அவர்கள் கடைசி வரை கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தால் இந்த மதிப்பீட்டின் நடுப்பகுதியை நான் எழுத வேண்டி வந்திராது.

பயிற்சி நன்றாக இருந்தது. வாசிகசாலை மண்டபத்தில் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை வரை நடந்தது. பயிற்சியாளர் ஏட்டுப் பேச்சைக் குறைத்து, ஒரு மேசையைக் கடப்படியாக, அதாவது வளவின் வாசலாக, வைத்து, ஒருவரை வீட்டுக்காரராகவும் மற்றவரை வருபவராகவும் நிறுத்தி, இருபது தடவைகளுக்கு மேல் நடித்துக் காட்டச் செய்தார். அழைக்காமல் வளவுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, நாய் குரைத்தால் வீட்டார் வரும்வரை வேலிக்கு வெளியே நிற்க வேண்டும், கதிரை தந்தால் மறுக்காமல் அமர வேண்டும், தேநீர் தந்தால் குடிக்க வேண்டும், ஆனால் ஒரு வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பவை எல்லாம் சிறு விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் படுவான்கரையில் ஒருவர் எப்படி வளவுக்குள் வந்தார் என்பது அவர் என்ன பேசினார் என்பதை விட நீண்ட நாள் நினைவில் நிற்கும்.

அந்தப் பயிற்சியில் எனக்கே புதிதாக இருந்த ஒரு பாடம் உண்டு. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதே இங்கே வழமை; குடி வழியும் தாயைத் தொட்டுத்தான் வருகிறது. அவ்வாறிருக்க, வருபவர்கள் எல்லோரும் கடப்படியில் நின்று “ஐயா இருக்கிறாரா?” என்று கேட்கிறார்கள். ஐயா இல்லை என்ற பதிலோடு திரும்பியும் விடுகிறார்கள். எந்த வடிகான் நிரம்புகிறது, எந்த மின்கம்பத்தில் விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதை நன்றாக அறிந்தவர் அந்த வீட்டுக்கு உரிமையுள்ள பெண், அவர் எதிரிலேயே நிற்கிறார். ஆகவே முதலில் முகம் காட்டுபவரிடமே பேசுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். இதற்காக ஆறு சேகரிப்பாளர்களில் நான்கு பேரைப் பெண்களாக அனுப்பியதும் சரியான முடிவு. நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி நகரத்திலிருந்து வந்த ஒருவர் இவ்வளவு கவனித்திருந்ததைக் கேட்டபோது, கொடுத்த பணத்தில் பாதி அன்றே கைக்கு வந்துவிட்டதாக உணர்ந்தேன்.

முறை வைத்து அழைப்பது பற்றியும் அன்று நீண்ட விவாதம் நடந்தது. எங்கள் தொண்டர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். ஒரு வீட்டில் மாமி, அடுத்த வீட்டில் பெரியம்மா, அதற்கடுத்த வீட்டில் மச்சாள் என்று அவர்களுக்கு எல்லா வாசலிலும் உறவு இருந்தது. நிறுவனத்தின் பிள்ளைகளோ எல்லோரையும் அம்மா, ஐயா, அக்கா, அண்ணன் என்றே அழைக்கப் பழகியிருந்தார்கள். உறவு சொல்லி அழைப்பது வாக்குக் கேட்பதற்கு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாமி முறையானவர் மருமகன் முகத்துக்கு நேரே “உங்கட ஆக்கள் ஒண்டும் செய்ய மாட்டாங்க” என்று சொல்ல மாட்டார். இந்த வேறுபாட்டின் கனம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

கேள்விப் படிவத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. அதன் முதற் பக்கம் மிகுந்த சிரத்தையோடு தயாரிக்கப்பட்டிருந்தது. பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளவை எவை என்பதை அவர்கள் முன்கூட்டியே பிரித்திருந்தார்கள்: வீதி விளக்கு, உள்வீதிகள், வடிகான், குப்பை அகற்றல், பொதுச்சந்தை, நூலகம், மயானம், முன்பள்ளி, வரட்சிக் காலத்தில் பவுசரில் குடிநீர் கொண்டு வருதல். ஒவ்வொன்றுக்கும் “கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?” என்ற கேள்வி இருந்தது. “திருப்தியா, இல்லையா?” என்று கேட்டால் பெரும்பாலானோர் மரியாதைக்காகப் “பரவாயில்லை” என்று சொல்லிவிடுவார்கள், நேர்ந்தது என்ன என்று கேட்டால், மழைக்கு முன் துப்புரவாக்காத மதகையும், நான்கு மாதமாக எரியாத விளக்கையும், உடைந்த மயானச் சுற்றுமதிலையும் கை நீட்டிக் காட்டுகிறார்கள். கேள்வி அமைப்பதில் அவர்களுக்கு உண்மையான தேர்ச்சி இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் அந்தத் தேர்ச்சி காணாமற் போயிருந்தது. படுவான்கரையின் எல்லைக் கிராமங்களில் எந்த வாசலுக்குச் சென்றாலும் முதலில் வருவது யானையின் கதைதான். சிறுபோகம் விதைக்கலாமா, வேலிக்கு மின்சாரம் வருமா, இரவில் பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்பலாமா என்பவை அங்கே உயிர்ப் பிரச்சினைகள். யானை வேலி வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு, வாய்க்கால் நீர் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு, உர விடயம் கமநல சேவை நிலையத்துக்குரியது. இவற்றை எல்லாம் சேர்த்துப் படிவம் “ஏனையவை” என்ற ஒரே கட்டத்துக்குள் போட்டிருந்தது. ஒரு குடும்பத்தின் பத்து வருடத் துயரத்தைக் கேட்டுவிட்டு ஏனையவை என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம் இடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சபையால் வேலி போட முடியாது. ஆனால் யானை வரும் பாதையில் உள்ள வீதி விளக்கைத் திருத்தவும், வீதியோரப் பற்றைகளைத் துப்புரவாக்கவும், திணைக்களத்துக்குத் தீர்மானமாக எழுதி அனுப்பவும் முடியும். அதற்கு எந்த மின்கம்பம், எந்த ஒழுங்கை என்பது தெரிய வேண்டும். நான் கேட்டுக்கொண்ட பின்னர் படிவத்தின் பின்புறத்தில் ஐந்து வெற்று வரிகள் சேர்க்கப்பட்டன. முழுப் பணியிலும் மிகப் பயனுள்ள தகவல்கள் அந்த ஐந்து வரிகளில்தான் வந்து சேர்ந்தன.

இனி நடந்த கதைக்கு வருகிறேன். ஒப்பந்தப்படி கருத்துச் சேகரிப்பு ஏப்ரல் முதல் வாரத்திலும், வாக்குக் கேட்கும் நடை சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்னரும் நடைபெற வேண்டும். வேட்புமனு வேலைகளில் நாட்கள் கழிந்து போனதால் முதல் வட்டாரத்தில் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று எங்கள் குழு கேட்டது. எங்கள் தொண்டர் ஒருவரும் அவர்களுடைய சேகரிப்பாளர் ஒருவரும் சேர்ந்து செல்வது, தொண்டர் வாக்குக் கேட்ட பின் சேகரிப்பாளர் படிவத்தை நிரப்புவது என்று ஏற்பாடாயிற்று. நிறுவனம் தயக்கமின்றி ஒப்புக்கொண்டது. இங்கேதான் நான் அவர்களிடம் குறை காண்கிறேன். இந்தத் தொழிலை அறியாத நாங்கள் அப்படிக் கேட்டது இயல்பு. அறிந்த அவர்கள், இப்படிச் செய்தால் வரும் பதில்கள் பயன்படா என்று சொல்லியிருக்க வேண்டும்.

முதல் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தொண்டர் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து, சின்னத்தைக் காட்டி, பேசி முடிப்பார். வீட்டார் சிரித்துத் தலையாட்டுவார்கள். உடனே சேகரிப்பாளர் படிவத்தைத் திறந்து, உங்கள் பகுதியின் பிரச்சினைகள் என்ன என்று கேட்பார். அந்தக் கணத்திலிருந்து அவரும் எங்கள் ஆளாகிவிடுகிறார். அவருடைய கேள்விகள் எங்களுடைய வாக்குறுதிகளாகிவிடுகின்றன. வீதி விளக்கைப் பற்றிக் கேட்டால், விளக்குப் போட்டுத் தரப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் வயதான பெண்மணி ஒருவர், எங்களைத் திண்ணையில் இருத்தி, அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கான விண்ணப்பத்தின் பிரதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையோடு கொண்டு வந்து வைத்துவிட்டார். “போன முறை வந்த பிள்ளையள் ஒழுங்கா எழுதல்ல மனே, நீங்களாவது சரியா எழுதுங்க” என்றார். அஸ்வெசுமக் கணக்கெடுப்புக்கும், 2024 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டுக்கும் அதிகாரிகள் வீடுகளுக்கு வந்து போயிருந்தார்கள். கையில் படிவத்தோடு வரும் எவரும் ஏதோ ஒரு கொடுப்பனவின் முடிவைச் சுமந்து வருகிறார் என்று அவர் எண்ணியதில் தவறேயில்லை. அந்தப் பிள்ளை அரை மணி நேரம் செலவழித்து அவருக்கு விளக்கம் சொல்லி, மேன்முறையீட்டுக்குப் பிரதேச செயலகத்தில் யாரைச் சந்திக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பத்து நிமிட விதியை மீறியதற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை என்பதையும் நிறுவனத்தின் நற்பண்பாகவே நான் பதிவு செய்கிறேன்.

வேறொரு வீட்டில் படிவத்தின் மேலிருந்த பெயர், தொலைபேசி இலக்கம் என்ற இரண்டு கோடுகளைக் கண்டதும் வீட்டுக்காரரின் முகம் மாறியது. “பேரெல்லாம் எழுதாதீங்க மகள். கேக்கிறதக் கேளுங்க, பேர் வேணாம்” என்றார். எங்களுடைய ஊர்களில் யார் வீட்டில் எத்தனை பேர், எவருக்கு என்ன வயது என்று பெயர் எழுதிக்கொண்டு போன பின் என்ன நடந்தது என்பதை அறிந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. போர்க்காலச் சுற்றிவளைப்பும் பெயர்ப் பதிவும் அவர்களுக்குப் பழங்கதை அல்ல. கருத்துக் கேட்பதற்கு ஒருவருடைய பெயர் அவசியமில்லை. வீட்டின் வரிசை இலக்கமும் பாலினமும் வயதுப் பிரிவும் போதும். நிறுவனம் அடுத்த நாளே பெயர்க் கோட்டை நீக்கிவிட்டது. அதைச் செய்த வேகத்தைப் பாராட்டுகிறேன். முதற் படிவத்திலேயே அந்தக் கோடு இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் வட்டாரத்தின் படிவங்களை இரவில் புரட்டிப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் பிறந்தது. ஏறக்குறைய எல்லாப் பதில்களும் எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருந்த வரிசையிலேயே இருந்தன: முதலில் வீதி, பிறகு விளக்கு, பிறகு வடிகான். நாங்கள் சொன்னதைத்தான் மக்கள் எங்களுக்குத் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் கட்டணம் செலுத்தியிருந்தோம்.

ஆகவே இரண்டாம் வட்டாரத்தில் ஒப்பந்தத்தில் இருந்தபடியே பிரித்துச் செய்யுமாறு நான் வற்புறுத்தினேன். சேகரிப்பாளர்கள் மட்டும் முதலில் சென்றார்கள். எந்தக் குழுவுக்காக இது செய்யப்படுகிறது என்று கேட்டவர்களுக்கு மறைக்காமல் சொன்னார்கள், ஆனால் எவரும் கேட்காமல் அதை முன்வைக்கவில்லை. நேரத்தையும் மாற்றினோம். முதல் வட்டாரத்தில் காலை ஒன்பதுக்கும் பிற்பகல் ஒன்றுக்கும் இடையில் நடந்தபோது பாதி வளவுகளில் ஆளில்லை. சிறுபோக வேலைக்காக ஆண்கள் வயல் வாடிகளில், அதாவது வயலோரக் குடிசைகளில், இருந்தார்கள், பெண்கள் பலர் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் வட்டாரத்தில் மாலை நான்கரைக்குத் தொடங்கி, வெளிச்சம் இருக்கும் வரை மட்டும் நடந்தார்கள். இரண்டு பேரை மோட்டார் சைக்கிளில் வாடிகளுக்கும் அனுப்பினார்கள். வாடியில் கிடைத்த பதில்களுக்கும் வீட்டில் கிடைத்த பதில்களுக்கும் இடையே இருந்த தூரம் வியப்புக்குரியது. வாடியில் இருந்தவர்கள் வயலுக்குப் போகும் கிரவல் பாதையையும் உழவு இயந்திரம் கடக்க முடியாத சிறு பாலத்தையும் பற்றிப் பேசினார்கள். வீட்டில் இருந்தவர்கள் மயானத்துக்குப் போகும் வழி மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீருக்குள் கிடப்பதையும், நூலகம் மாலையில் பூட்டிக் கிடப்பதையும், பவுசர் தண்ணீர் வரும் நாள் முன்கூட்டித் தெரியாததால் கூலி வேலையை விட்டுவிட்டுப் பாத்திரங்களோடு காத்திருப்பதையும் சொன்னார்கள். இவற்றில் ஒன்றுகூட எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருக்கவில்லை. தண்ணீர் வரும் நாளை முதல் நாள் மாலை கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம் என்பதும் ஒரு வீட்டுப் பெண் சொன்ன யோசனைதான்; அதற்குச் சபைக்கு ஒரு சதமும் செலவாகாது.

இரண்டாம் வட்டாரத்தில் வாக்குக் கேட்கும் நடை புத்தாண்டுக்குப் பின் தொடங்கியது. அதில் நிறுவனத்தின் பங்கு எங்கள் தொண்டர்களுக்கு அளித்த பயிற்சியும் வரைபடமும் மட்டுமே. வரைபடம் மிகச் சிறந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போனதாகவோ, ஒரு ஒழுங்கை விடுபட்டதாகவோ முறைப்பாடு வரவில்லை. பயிற்சியில் அவர்கள் கற்பித்த இன்னொரு விடயம் வாசலில் மிகவும் கைகொடுத்தது. 2024 செப்டெம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 இல் பாராளுமன்றத் தேர்தல், பிறகு மே 6 இல் இது என எட்டு மாதத்துக்குள் மூன்று தடவை வாக்களிக்கப் போகிறவர்களுக்கு, மூன்று வாக்குச்சீட்டுகளும் மூன்று விதமானவை என்பது குழப்பத்தைத் தந்தது. “உங்கட நம்பர் என்ன தம்பி?” என்பதுதான் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. பாராளுமன்றத் தேர்தலில், கட்சிக்குள் விரும்பிய வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்குக்கு இலக்கம் உண்டு. உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கும் இல்லை, வேட்பாளருக்கு இலக்கமும் இல்லை, வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரும் இல்லை. கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு எதிரே ஒரே ஒரு புள்ளடி (× அடையாளம்) இட வேண்டும். அந்த ஒரு புள்ளடியே வட்டார வேட்பாளருக்கும் சேர்கிறது, சபை முழுவதற்குமான விகிதாசாரக் கணக்கிலும் சேர்கிறது. அறுபது வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் நாற்பது வீதமானோர் பட்டியலிலிருந்தும் வரும் இந்தக் கலப்பு முறையின் கீழ் இங்கே அதற்கு முன் ஒரேயொரு தேர்தல்தான், 2018 பெப்ரவரி 10 இல், நடந்திருந்தது. இதை எங்கள் பெயரைச் சொல்லாமல், எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தாலும் பயன்படும் விதத்தில் விளக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அப்படி விளக்கிய வீடுகளில் எங்களை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்கள்.

ஒரு சிறு விடயத்தையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன். புத்தாண்டுக்கு அடுத்த நாட்களில் வீடுகளுக்குப் போவதால் கைவிசேடம் எனும் புத்தாண்டுக் காசு கேட்கும் சிறு பிள்ளைகள் ஓடி வருவார்கள். பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போய்விடும். வாக்குக் கேட்டுப் போகிறவர் கொடுத்தால் அது இலஞ்சம் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் தரும் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். பிள்ளைகளிடம் கை விரித்துக் காட்டி வந்தது மனதுக்கு வருத்தமாக இருந்தாலும், செலவுக் கணக்கை எழுதியவன் என்ற முறையில் அந்த எச்சரிக்கைக்கு நன்றி சொல்கிறேன்.

அறிக்கைதான் முழுச் சேவையிலும் பலவீனமான பகுதி. வழுவழுப்பான தாளில், நிறம் நிறமான வட்ட வரைபடங்களோடு நாற்பது பக்கங்கள் வந்தன. வாடிகளில் ஒன்பது பேரைத்தான் சந்தித்திருந்தார்கள், அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் சொன்னதை “44.4 வீதம்” என்று அச்சிட்டிருந்தார்கள். ஒன்பது பேரில் ஒருவர் மனம் மாறினால் பதினொரு வீதம் மாறும் என்பதைத் தொழில் செய்கிறவர்கள் அறிவார்கள். எழுந்தமானமாகத் தெரிவு செய்த நானூறு பேரிடம் கேட்டால்கூட ஏறக்குறைய ஐந்து வீதம் மேலும் கீழும் பிழைக்க இடம் உண்டு. எங்களுக்குக் கிடைத்ததோ வீட்டில் இருந்தவர்களின் பதில், எழுந்தமான மாதிரியும் அல்ல. நான்கு பேர் என்று எழுதியிருந்தால் நான் முழுமையாக நம்பியிருப்பேன்.

அதைவிடப் பெரிய குறை, யாரும் கேட்காத ஓர் அத்தியாயம் கடைசியில் சேர்க்கப்பட்டிருந்தது. எங்கள் குழுவுக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் எவ்வளவு வாக்கு விழும் என்ற எதிர்வுகூறல் அதில் இருந்தது. முதல் வட்டாரத்தில், எங்கள் தொண்டர் பக்கத்தில் நிற்கும்போது தலையாட்டியவர்கள் எல்லோரையும் அவர்கள் ஆதரவாளர் என்று எண்ணியிருந்தார்கள். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் மக்களின் பண்பு. வாக்கு இரகசியமானது என்பதால் வாயால் ஒரு “சரி” சொல்வதில் அவர்களுக்கு நட்டமும் இல்லை. இதோடு வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தும் மத்திய கிழக்கில் வேலை செய்கின்ற பெண்களையும் இளைஞர்களையும், வீட்டார் சொன்ன வார்த்தையின் பேரில் வாக்காளர்களாகவே கணக்கிட்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்கும் வசதி நம் நாட்டில் இல்லை. முடிவு வந்தபோது முதல் வட்டாரத்தில் எங்களுக்குக் கிடைத்தது அவர்கள் சொன்னதில் பாதிக்கும் குறைவு. அந்த எண்ணை நம்பி எங்கள் இளைஞர்கள் கடைசி வாரத்தில் அங்கே போகாமல் விட்டதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

படிவங்களைத் திரும்பப் பெறுவதற்கும் சிரமப்பட்டேன். முதல் நாட்களில் எழுதிய படிவங்களில் தொலைபேசி இலக்கங்கள் இருந்தன. அவை வேறொரு வேலைக்குப் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தனிப்பட்ட தரவைப் பாதுகாப்பதற்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு வீட்டார் எங்களை நம்பிச் சொன்ன இலக்கம் எங்களுடைய பொறுப்பு. மூன்று தடவை அலைந்த பிறகு மூலப் படிவங்கள் முழுவதும் கிடைத்தன, கணினியில் இருந்த பிரதியை அழித்துவிட்டதாகக் கடிதமும் தந்தார்கள். பற்றுச்சீட்டுகளைப் பொறுத்தவரை அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவு விபரத்தை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டு அன்றன்றே கிடைத்ததால் என் வேலை இலகுவாயிற்று.

இந்தச் சேவையை மீண்டும் பெறுவேனா என்று கேட்டால், பயிற்சிக்கும் வரைபடத்துக்கும் சேகரிப்பாளர்களுக்கும் ஆம் என்று தயங்காமல் சொல்வேன். அறிக்கைக்குப் பணம் கொடுக்க மாட்டேன். மூலப் படிவங்களையும், பின்புறத்து ஐந்து வரிகளைச் சொன்னவரின் சொல்லிலேயே ஒழுங்கை வாரியாகத் தட்டச்சுச் செய்த பிரதியையும் கேட்பேன். கருத்துக் கேட்கும் நாளுக்கும் வாக்குக் கேட்கும் நாளுக்கும் இடையே குறைந்தது இரண்டு கிழமை இடைவெளி வேண்டும் என்பதையும், பெயரும் தொலைபேசியும் எழுதக் கூடாது என்பதையும், எங்கள் தரப்பே அவசரப்பட்டு மாற்றச் சொன்னாலும் மாற்றக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவேன். கொடுப்பனவின் இரண்டாம் பாதியைப் படிவங்கள் கைக்கு வந்த பின்னரே கொடுப்பேன். வாடிகளுக்குச் செல்ல இரண்டு பேர் போதாது, நான்கு பேராவது வேண்டும். ஒரே ஒரு வட்டாரத்துக்கு மட்டும் பணம் இருக்கும் குழுவாக இருந்தால், வெற்றி வாய்ப்பு அதிகமுள்ள இடத்தை விட்டு, தாங்கள் குறைவாக அறிந்த இடத்துக்கு அவர்களை அனுப்புவது நல்லது. அறிந்த ஒழுங்கைகளுக்கு உங்கள் தொண்டர்களே போதும்.

இரண்டாம் வட்டாரத்தின் அந்த ஐந்து வரிகளை நான் ஒரு கொப்பியில் பார்த்தெழுதி வைத்திருக்கிறேன். தேர்தலில் பட்டியல் மூலம் எங்களுக்குக் கிடைத்த ஓர் உறுப்பினர் சபைக்குப் போகும்போது அதைத்தான் கொண்டு போகிறார். பவுசர் வரும் நாளை முதல் நாள் மாலை அறிவிக்க வேண்டும் என்ற யோசனையை அவர் முதல் மாதத்திலேயே முன்வைத்தார். அந்த யோசனையைச் சொன்ன பெண்ணின் வீட்டுக்கு நானே போய் விடயத்தைச் சொன்னேன். பெயர் எழுதாமல் எப்படித் தன் வீட்டைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். படிவத்தில் இருந்த வரிசை இலக்கத்தையும் வரைபடத்தையும் காட்டினேன். அமரச் சொல்லித் தேநீர் தந்தார். போன முறை சொல்லாமல் விட்ட இரண்டு விடயங்கள் உண்டு என்று சொல்லி, மதகடியில் இருந்து தொடங்கினார்.